கூடத்தில் இருந்த ஐக்கிய மாகாணம்

நான் நான்காம் வகுப்பில் படித்த வருஷம், இப்போது உத்தரப் பிரதேசம் என்கிற ஐக்கிய மாகாணம் முழுவதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. இமயமலை ஜன்னல் ஓரத்தில். விந்தியமலை சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில். கங்கையும் யமுனையும் அலகாபாத்தில் ஒன்று சேர்ந்து, என் தம்பி பாய் விரிக்கும் இடத்தை நோக்கி ஓடின. அந்த மாகாணத்தைச் சுற்றாமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடப் போக முடியாது. அம்மா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேபாளம் வழியாகத்தான் வருவாள். வரும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. மாகாணத்தை உண்டாக்கியவள் அத்தை, அப்பாவின் தங்கை. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அவள் டீச்சர். நான் படித்ததும் அங்கேதான், அதுவும் அவள் வகுப்பில். வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர் என்று கூப்பிடவேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். ஒருநாள் மறந்துபோய் வகுப்பில் 'அத்தே' என்று கூப்பிட்டுவிட்டு மணி அடிக்கும்வரை பெஞ்சுமேல் நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே அத்தை எனக்குக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். டீச்சர் கொடுத்த தண்டனைக்கு அத்தை எப்படிப் பொறுப்பாவாள் என்று நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா வீட்டில் இருந்தார். பீச் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். வியாபாரம் படுத்துப்போன அந்தக் காலத்தில் கம்பெனி பல பேரைக் கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருக்கச் சொன்னது. அந்தக் கொஞ்ச நாளில் ஒரு கிறிஸ்துமஸ் போயிற்று, இன்னொரு கிறிஸ்துமஸும் வந்துவிட்டது. அப்பா தினமும் முகம் மழித்து, கோட்டைத் தூசி தட்டி மாட்டிவைப்பார். மற்ற நேரத்தில் அத்தைக்காகக் காகிதம் கிழிப்பார். மற்ற பெண்களின் அப்பாக்களெல்லாம் ஆபீசுக்குப் போய்க் கஷ்டப்படும்போது என் அப்பா மட்டும் பூகோளத்தில் ஆர்வம் கொண்டு வீட்டிலேயே இருக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆக, அடுப்பு எரிந்தது அத்தையின் சம்பளத்தில். அந்தச் சம்பளமும் உறுதியானதில்லை. அவள் வேலை 'ஆக்டிங்'. இன்னொருத்தி இடத்தில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து அத்தையின் பாடத்தைக் கேட்டுத் திருப்தி என்று எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் பள்ளி திறக்கும்போது வேறு யாராவது வருவார்கள். கேட்கப்போகிற பாடம் பூகோளம் என்றும், அதில் ஐக்கிய மாகாணத்தின் இயற்கை அமைப்பும் தொழில்களும் என்றும் பள்ளித் தலைவியான மதர் சொல்லிவிட்டார். அந்த மாகாணம் தேறினால் நாங்கள் தேறுவோம். இது எனக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அம்மா செபமாலை முடிவில் எங்கள் எல்லாரையும் ஐக்கிய மாகாணத்துக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லவைத்தாள்.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. டீச்சராக இருப்பவள் கல்யாணம் செய்துகொண்டால் விலகிவிடவேண்டும். எழுதி வைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். தையல் டீச்சருக்கு, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்குமுன் கல்யாணமாயிற்று. மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேக் கொடுத்து அனுப்பினார்கள். மறு திங்கட்கிழமை அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து எங்களுக்கு ஊசி கோக்கச் சொன்னாள். மணி அடித்தால் வகுப்பு விடுவதைப்போல இதுவும் ஒரு நியதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாகாணம் செய்த விதத்தைச் சொல்லவேண்டும். பின்கட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய கதவு ஒன்றைக் கூடத்தில் படுக்கப்போட்டார்கள். அப்பா கிழித்த செய்தித்தாள்களை அண்டாவில் ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அம்மா ஆட்டுக்கல்லில் அரைத்தாள். முறம் மெழுகவும் கூடை செய்யவும் பயன்படுகிற கூழ்தான் அது. அத்தை படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் கூழைப் பூசினாள். வடக்கே கை நிறைய அள்ளி வைத்தால் மலை. நடுவில் உள்ளங்கையால் தட்டினால் சமவெளி. காய்ந்ததும் ஆறுகளுக்குத் துணிக்குப் போடும் நீலம். பல வாரத்துக்கு வீடு முழுக்க வெந்தய வாசனை. இன்றைக்கும் யாராவது வெந்தயம் வறுத்தால் எனக்குக் கங்கைச் சமவெளி ஞாபகம் வருகிறது, அது என்னோடு போகட்டும்.

வாசலில் மீன் கொண்டுவருகிற அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மாகாணத்தை எட்டிப்பார்த்தாள். இதில் கடல் எங்கே என்று கேட்டாள். கடலே கிடையாது, ஒரு பக்கத்திலும் கிடையாது என்று நான் பாடத்தை ஒப்பித்தேன்.

"கடலே இல்லாத ஊரா? அப்ப ஜனம் இன்னாத்த துன்னுது?"

கோதுமை என்றேன். அது சீக்குக்காரர்கள் குடிக்கிற கஞ்சியாயிற்றே, ஊர் முழுக்கவா சீக்கு என்று அவள் வருத்தப்பட்டாள். அவள் வருத்தத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. எங்கள் வீட்டில் கோதுமை வந்தது யாருக்காவது காய்ச்சல் விட்ட மறுநாள்தான்.

வெறும் மேடும் பள்ளமும் போதாது, எந்த ஊரில் எது விளைகிறதோ, எது செய்கிறார்களோ, அந்தந்தப் பொருளையே அந்தந்த ஊரில் ஒட்டிவைத்தால் குழந்தைகள் மறக்கமாட்டார்கள் என்று அத்தைக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். ஆனால் மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு கான்பூர்த் தோலுக்கு எங்கே போவது? அப்போதுதான் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். பெரியமேட்டில் ஒரு சாயபுவின் தோல் மண்டியில் கணக்கு எழுதினார். மண்டி விஷயமாக அடிக்கடி கான்பூருக்கு ரயிலேறுவார். பங்கில் எல்லாரும் அவரைக் கான்பூர்க்காரர் என்றே சொல்வார்கள். நல்ல உயரம், அத்தனை உயரத்தையும் யாருக்கும் தொந்தரவில்லாமல் எங்கே வைப்பது என்று தெரியாதவரைப்போலக் கொஞ்சம் குனிந்தே நிற்பார். அவர் உட்காருவதற்கு எங்கள் கூடத்தில் மாகாணம் போக ஓரடி இடம்தான் இருந்தது. முழங்காலை மடக்கிக்கொண்டு திபெத்தில் உட்கார்ந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். ஒரு துண்டுத் தோல்தானே, போகிற வழியில் வேறு ஏதாவது கிடைத்தாலும் கொண்டுவருகிறேன் என்று அவர் சொன்னார். அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை, கான்பூரைப் பார்த்துச் சொன்னார்.

முதல் தடவை தோலும் ஒரு சிட்டம் மில் நூலும் வந்தன. இரண்டையும் கான்பூரில் ஒட்டினோம். அடுத்த தடவை காகிதத்தில் சுற்றின கோதுமைக் கதிர், கோரக்பூர் ஆலைச் சர்க்கரை, காசிப் பட்டில் ஒரு கிழிசல். அதற்கடுத்து அலிகாரிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு. மொரதாபாத்திலிருந்து ஒரு பித்தளைக் கிண்ணம், அது பொம்மைக்குக் கஞ்சி ஊட்டத்தான் ஆகும். மிர்ஜாப்பூரிலிருந்து கம்பளத்தின் ஓரத்து நூல். அவர் வந்தாலே தம்பி 'கான்பூர் மாமா' என்று கத்திக்கொண்டு ஓடி மடியில் ஏறிவிடுவான். எனக்கு அந்தப் படம் தலைகீழாக மனப்பாடம். சென்னையிலிருந்து கான்பூருக்குப் போகிற ஆளுக்கு மொரதாபாத் வழியில் இல்லை. கோரக்பூர் ஒரு கோடி, அலிகார் ஒரு கோடி. எந்த ஊருக்கு எந்த ரயில் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்லியிருப்பேன். இருந்தும் இந்த மனிதர் ஏன் இப்படி ஒரு மாகாணம் முழுக்க அலைகிறார் என்று ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை. தொழில்கள் அங்கங்கே இருந்தன, அவரும் அங்கங்கே போனார், அவ்வளவுதான்.

வந்தால் அதிகம் பேசமாட்டார். அம்மா காப்பி கொடுப்பாள். அத்தை எந்தப் பொருள் எந்த ஊரில் என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். கரும்பு வெட்டும் காலத்தில் அங்கே பனி எப்படி இறங்கும், மேற்கே கிணற்றுத் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் எப்படிப் பாயும், ஆலைச் சங்கு ஊதினால் கான்பூர்த் தெருவில் எத்தனை ஜனம் இறங்கும் என்று அவர் சொல்ல, அத்தை கேட்டுக்கொண்டிருப்பாள். புத்தகத்தில் இரண்டு வரியில் இருந்த சமாசாரத்துக்கு அவள் மேலும் மேலும் கேள்வி கேட்பாள். அத்தை இவ்வளவு மக்கா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஊரில் குடியிருக்கிறவர்களுக்கு அரிசி கிடைக்குமா, நம் பாஷை பேசுகிறவர்கள் இருக்கிறார்களா, கோயில் பக்கத்திலா என்றுகூட ஒருநாள் கேட்டாள். மண்டிக்கு அங்கேயே ஒரு கிளை போடப்போகிறார்கள் என்றும், தன்னை அங்கே இருக்கச் சொல்வார்கள் என்றும் அவர் சொன்ன அன்று அது. இந்தக் கேள்விகளெல்லாம் இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்கமாட்டாரே என்று நான் எடுத்துச் சொன்னேன்.

இதற்குள் மாகாணத்துக்குப் பல ஆபத்துகள் வந்தன. மீரட்டின் கோதுமையைச் சிட்டுக்குருவிகள் ஜன்னல் வழியாக வந்து இமயமலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போயின. கான்பூரின் தோலைத் தெருநாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓட, அப்பா சட்டையில்லாமல் சந்துமுனைவரை துரத்தி மீட்டுவந்தார். பாதித் தோல்தான் மிஞ்சியது. கோரக்பூரின் கதி எல்லாவற்றையும்விட மோசம். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கட்டெறும்புகள் காசியிலிருந்து சாரிசாரியாக அங்கே போய்க்கொண்டிருந்தன. எறும்பு விட்டதைத் தம்பி நக்கித் தீர்த்தான். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. சர்க்கரை இருந்த இடத்தில் படிகாரத்தைப் பொடித்து ஒட்டிவிட்டாள். பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. தம்பிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல நாக்கை வைத்துவிட்டு அவன் பிடித்த முகத்தைப் பார்த்து அம்மாவே நெடுநேரம் சிரித்தாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற தேதி தெரிந்தபிறகு கான்பூர்க்காரர் ஒருமுறை வந்தார். அன்று அப்பா வீட்டில் இல்லை. அவர் உட்காரவில்லை. வைக்கோல் அடைத்த ஒரு அட்டைப் பெட்டியை அத்தையிடம் நீட்டினார். அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பெரோஸாபாத்துல வாங்கினது டீச்சர். அவசரம் ஒண்ணுமில்ல. வெச்சுப் பாருங்க. அடுத்த வாரம் வர்றேன், அப்ப சொன்னாப் போதும்."

வைக்கோலை விலக்கினால் கண்ணாடி வளையல்கள். பச்சையும் சிவப்பும், நடுவில் பொன் பூச்சு போட்டு, ஒரு கைக்கு வேண்டியதும் இன்னொரு கைக்கு வேண்டியதும். நான் துள்ளிக் குதித்தேன். வளையலைப் பார்த்து இல்லை. பாடத்தில் 'கண்ணாடித் தொழில்: பெரோஸாபாத்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் படத்தில் ஆக்ராவுக்குப் பக்கத்தில் அந்த ஊர் மட்டும் வெறும் புள்ளியாகக் காத்துக்கொண்டிருந்தது. மாகாணம் பூர்த்தியாகிவிட்டது என்று நான் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அத்தை ஒட்டவில்லை. பெட்டியை மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தாள். நான் தினமும் நச்சரித்தேன். ஒட்டலாம், பசை காயட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று ஏதாவது சொல்வாள். எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளுகிற வழக்கம் இல்லாதவள். பள்ளியிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடிவிடுவாள். போடமாட்டாள். சாப்பிடும்போது நாங்கள் ஏதாவது கேட்டால் இரண்டாவது தடவைதான் பதில் வரும். பாடத்தை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நான் முடிவு செய்து, என் வகுப்புத் தோழிகளிடமும் அப்படியே சொல்லி, டீச்சருக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த வாரத்தில் அப்பாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. தம்புச்செட்டித் தெருவில் ஒரு கம்பெனியில் இடம் காலி, நேரில் வந்து பார்க்கவும் என்று. அம்மா கோட்டுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தாள். அத்தை ஒரு நாள் லீவு போட முடியாதாகையால் வாசல்வரை வந்து அப்பாவின் காலரைச் சரிசெய்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அன்று அவள் வகுப்பில் எங்களுக்குப் பாட்டுப்பாடச் சொல்லிக்கொடுத்தாள். அது பாட்டு வகுப்பே இல்லை. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடிவந்தாள்.

அப்பா சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றி, தூசி தட்டி, ஆணியில் மாட்டினார். ஆள் எடுத்தாயிற்றாம், நேற்றே எடுத்தாயிற்றாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அப்பா பழக்கத்தில் ஒரு செய்தித்தாளை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தார். மாகாணத்துக்கு அப்போது காகிதம் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை அடுப்பில் சிறு கிண்ணத்தை வைத்துப் பசை காய்ச்சினாள். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தாள். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் நச்சரிப்பு கடைசியில் பலித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு அம்மா பார்த்தாள்.

"அளவு பாத்து வாங்கின மாதிரி இருக்கும்மா. அது ஒட்டறதுக்கு வந்ததில்ல."

அத்தை நிமிரவில்லை. "பெரோஸாபாத் காலியாக் கெடக்கே அண்ணி," என்றாள்.

ஒவ்வொரு வளையலாகப் பசையில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, கூழில் ஆழமாக அழுத்தி அழுத்தி வைத்தாள். அத்தனை அழுத்தம் தேவையில்லை. கங்கை யமுனைச் சமவெளி அந்த இடத்தில் விரிசல் விட்டது. அப்பா எழுந்து, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கடற்கரைக்குப் போனார். எங்கள் கூடத்திலேயே கடற்காற்று வேண்டிய மட்டும் அடிக்கும். அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாகாணத்தில் இனி காலியான ஊர் இல்லை என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

சொன்னபடியே அடுத்த வாரம் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. தலை படிய வாரியிருந்தார். வாசலிலேயே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான். இதோ மீரட், இதோ மொரதாபாத், இதோ உங்கள் கான்பூர் என்று காட்டி, கடைசியில் பெரோஸாபாத்துக்கு வந்து, கண்ணாடித் தொழில் என்று உரக்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க டீச்சர்," என்றார்.

"நிரந்தரம் ஆகணும். எங்க வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாததில்ல," என்றாள் அத்தை.

அவர் தெரியும் என்று தலையை ஆட்டினார். பாப்பா கெட்டிக்காரி, இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டால் இப்படியே பயப்படாமல் சொல்லவேண்டும் என்று என் தலையைத் தொட்டுச் சொன்னார். காப்பியை முழுக்கக் குடித்தார். தம்பி மடியில் ஏறினதும் அவனை இறக்கிவிட்டு எழுந்தார். வழக்கமாக அவனை இறக்க ஆள் வேண்டும். அப்பா அவரோடு சந்துமுனைவரை போனார். இருவரும் ஒன்றும் பேசாமல் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெரியவர்களுக்குப் பேச விஷயமே கிடைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாகாணத்தைப் பள்ளிக்குக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். இன்ஸ்பெக்ட்ரஸ் ஒரு வெள்ளைக்கார அம்மாள். வெயிலில் முகம் சிவந்து, கையில் குடையோடு வந்தார். அத்தை அன்று பாடம் நடத்தியதைப்போல அதற்கப்புறம் யாரும் நடத்தி நான் கேட்டதில்லை. கடல் இல்லாத அந்த மாகாணத்தில் ஆறுதான் சாலை, ஆறுதான் சோறு என்று ஆரம்பித்தாள். பனிக்காலத்து விடியலில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் எப்படி முண்டாசு கட்டுவார்கள் என்றாள். கான்பூர் ஆலைச் சங்கு ஊதினால் தெருவில் எப்படி ஜனம் இறங்கும் என்றாள். தான் அங்கே குடியிருந்து வந்தவளைப்போலச் சொன்னாள். நான் எழுந்து தொழில்களை ஒப்பித்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் மாகாணத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். கோரக்பூரை ருசி பார்க்காமல் விட்டது தேவ கிருபை. பெரோஸாபாத்தில் நின்றவர், இந்த வளையலில் ஒன்றை எடுத்து டீச்சர் தம் கையில் போட்டுக்காட்டினால் குழந்தைகளுக்கு இன்னும் மனசில் பதியுமே என்று இங்கிலீஷில் சொன்னார்.

எடுக்க வராது, எடுத்தால் உடைந்துவிடும் என்று அத்தை பதில் சொன்னாள். அவள் இங்கிலீஷ் எப்போதும் நன்றாக இருக்கும். அன்று மட்டும் நடுவில் ஒரு இடத்தில் தடுக்கியது.

வேலை நிரந்தரமானது. அம்மா அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஐக்கிய மாகாணத்துக்காகச் சொல்லிவந்த மந்திரத்தை நிறுத்தி, நன்றி சொல்லி ஒன்று சொன்னோம். அப்பா அத்தையின் தட்டில் ஈரலை எடுத்துப் போட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, உப்பு வேண்டுமா என்று கேட்டார். மாகாணம் பள்ளியிலேயே தங்கிவிட்டது. கூடம் திடீரென்று பெரிதாகி, நடக்கவே கூச்சமாக இருந்தது. கான்பூர்க்காரர் மட்டும் வருவதில்லை. தம்பி கேட்டபோது, அவருக்கு வேலை அதிகம் என்று அப்பா சொன்னார். படம் முடிந்துவிட்டது, இனி அவர் கொண்டுவர என்ன இருக்கிறது என்று நான் தம்பிக்கு விளக்கினேன்.

உயிர்த்த திருநாள் கழிந்த ஒரு ஞாயிறு, பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். எங்கள் வழக்கத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமகன், மணமகள் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். ஏதோ ஒரு பெயரும், பரங்கிமலையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயரும் வாசித்தார். பெரியமேட்டுத் தோல் மண்டியில் உத்தியோகம், தற்சமயம் கான்பூரில் வாசம் என்று சேர்த்துப் படித்ததும்தான் அது யார் என்று எனக்கு விளங்கியது. அவருடைய பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. நம்ம கான்பூர் மாமா என்று அத்தையின் விலாவில் இடித்தேன். அவள் முக்காட்டுக்குள் குனிந்து செபப்புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கத்தில் பாயில் இடம் தாராளமாக இருந்தும் அம்மா நகர்ந்து வந்து அத்தையை ஒட்டி உட்கார்ந்தாள். இந்தப் புழுக்கத்தில் இதென்ன நெருக்கம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இவர்களுடைய விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள், மறைப்பது பாவம் என்று வாசித்து முடித்தார். அப்போது நான் புதுநன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, தயாராகிக்கொண்டிருந்தேன். பாவம் என்றால் எனக்கு அவ்வளவு பயம். அந்தக் கோயிலில் கான்பூர்க்காரரை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே தடை இருந்தால் அது எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மனச்சாட்சியை ஒரு மூலை விடாமல் சோதித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகத்துக்கு அத்தையிடம் கேட்டேன்.

"தடை ஏதாவது நமக்குத் தெரியுமா அத்தே?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் தெரியாது," என்றாள். "முழங்கால் போடு."

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் பாரம் இறங்கின மனசோடு முழங்காலில் நின்றேன்.